வெள்ளைச் சுவரில் ஒரு ஜன்னல்

பனிக்கரடியார் அன்றைக்கும் குறை கண்டுபிடித்துவிட்டார். ஒரு மனுஷனுக்கு ஒரு பலகையில் எத்தனை குறைதான் தெரியும், சொல்லுங்கள்!

குளிர்பதனக் கிடங்கில் காலமெல்லாம் மீன் பெட்டி அடுக்கியவர் அவர். நல்ல வெயிலிலும் கம்பளிக் கோட்டோடு தெருவில் நடந்து வருவார், அதனால் வந்த பட்டப்பெயர். இப்போது வேலையை விட்டாயிற்று. பழைய சின்ன லாரி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் கட்டிலும் அடுப்புமாக ஓர் அறை கட்டி, ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை. தெருவுக்கே துணி தைத்துக் கொடுத்த அவள், தையல் மெஷினைத் தாண்டி எங்கும் போனதில்லை. லாரி வந்துவிட்டது. சுவருக்குப் பலகை எடுப்பதில்தான் இழுபறி.

"இது ஒட்டுப்பலகை வச்சது, அக்கா. உறுதி, ஆனா கனம், தண்ணி பட்டா ஊதிடும்," என்றார் பலகைக் கடைக்காரர். "இது உள்ள தேன்கூடு மாதிரி இருக்கும். லேசு, ஆனா வெயில் தாங்காது. இதைப் பாருங்க, நடுவுல ஃபோம், ரெண்டு பக்கமும் ஃபைபர் தகடு. வெயிலும் வராது, குளிரும் வராது, சத்தமும் வராது. என் வண்டியா இருந்தா இதைத்தான் போடுவேன்."

மனைவி அந்த வெள்ளைப் பலகைத் துண்டை மடியில் வைத்துத் தடவினாள். அவ்வளவுதான், கண் சொக்கிவிட்டது. அவள் ஏதோ ஓர் ஆற்றங்கரைக்கே போய்ச் சேர்ந்து, டீக்கு அடுப்பையும் பற்ற வைத்துவிட்டாள்.

பனிக்கரடியார் அந்தத் துண்டை விரலால் ஒரு தட்டு தட்டினார். தொப். முகம் சுண்டிப் போயிற்று. "இது வேணாம். வேற பார்க்கலாம்."

வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். "கனமா இருந்தா கனம்ங்கிறீங்க, லேசா இருந்தா லேசுங்கிறீங்க. என்கூட வர இஷ்டமில்லன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க. நான்பாட்டுக்கு மெஷினை மிதிச்சுட்டுக் கிடக்கேன்."

அவர் வாயைத் திறக்கவில்லை. கொழுக்கட்டையா இருந்தது வாயில்? பயம் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் மொட்டைமாடியில் தையல் சாக்பீஸால் அறையை அப்படியே வரைந்து வைத்திருந்தாள். சட்டையில் தையலுக்கு இடம் விடுகிற மாதிரி, சுவரின் கனத்துக்கு இரட்டைக் கோடு. கோபம் இருந்தாலும் அளவு சுத்தம். "படுத்துப் பாருங்க, கால் இடிக்குதான்னு."

கதவுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாகவே நுழைந்தார். கோட்டை மிதித்தால் யார் திட்டு வாங்குவது?

படுத்தார். மேலே மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் மேகம் நின்றுவிட்டது, அறைதான் நகர்ந்தது. மொட்டைமாடி மெல்லக் கழன்று, கொடியில் காய்ந்த துணிகளைத் தாண்டி, மரங்களின் தலையை உரசிக்கொண்டு மிதந்தது. பக்கத்தில் மனைவி. கீழே எங்கோ தண்ணீர்ச் சத்தம். அடடா, என்ன சுகம்! அப்போதுதான் கோடுகளிலிருந்து வெள்ளைச் சுவர்கள் முளைத்தன. சத்தமே இல்லாமல் வளர்ந்து மேகத்தை மூடின. தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிற்று. அவர் தட்டினார். தொப். தொப்.

"என்னங்க! தரையைப் போட்டு ஏன் இப்படி அடிக்கிறீங்க?"

எழுந்து உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது.

"பயமா இருக்குடி. கிடங்குச் சுவரும் இதே மாதிரிதான். ஒரு தடவை கதவு மாட்டிக்கிச்சு. தட்டினேன், கத்தினேன். வெளிய ஆளுங்க சிரிச்சுப் பேசிட்டு நின்னிருக்காங்க, ஒருத்தருக்கும் கேக்கல. உன்கூட வரணும்னு எனக்கு ஆசை இல்லாமலா? அந்தப் பெட்டிக்குள்ள போறதுதான் முடியல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத்தனை நாள் இதை மனசுக்குள்ளயே வச்சுட்டா இருந்தீங்க, பாவி மனுஷா!" என்று கையாலேயே அவர் நெற்றியைத் துடைத்தாள். பிறகு சாக்பீஸை அவர் கையில் திணித்தாள். "ஜன்னல் எங்க வேணும், எவ்வளவு பெருசு வேணும், நீங்களே போடுங்க."

போட்டார். அளவெடுக்க வந்த கடைக்காரர் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அண்ணே, ஜன்னல் சரி. சுவர்னு ஒண்ணு வேணாமா?"

ஒருவழியாக, ஜன்னலைச் சுற்றிலும் பலத்துக்கு அலுமினியச் சட்டம் கொடுப்பதாகப் பேசி முடிந்தது. கதவுத் தாழை உள்ளிருந்தும் திறக்கலாம். பலகை? அதே வெள்ளைதான். "அவளுக்குப் பிடிச்சதையே போடுங்க," என்று அவரே சொல்லிவிட்டார்.

பட்டறையில் சுவர்களை ஒட்டி, கூரையும் ஏற்றியாயிற்று. ஜன்னலைத் தானே உள்ளிருந்து வெட்டுவதாகக் கைரம்பத்தை எடுத்துக்கொண்டார்.

"பயமா இருந்தா தட்டுங்க," என்றாள்.

"வெளிய கேக்காதுடி."

"கேக்கும். நான் இங்கயேதான் நிப்பேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விளக்கு வெளிச்சத்தில் ரம்பம் கரகரவென்று இறங்கியது. ஃபோம் தூள் பூவாய் உதிர்ந்தது. காலையில் இந்த வழியாக ஆறு தெரியும். இந்தப் பக்கம் அவள் டீ போடுவாள். வெயில் இங்கே விழும், கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். பால் எங்கே கிடைக்கும்? இப்படியே கை போய்க்கொண்டிருந்தது. வெட்டு, தொடங்கிய இடத்தைத் தொட்டது. ஒரு தள்ளு தள்ளினார். பலகை வெளியே விழுந்து, வெயில் உள்ளே கொட்டியது.

மனைவி ஜன்னலோரம் சுவரோடு காதை ஒட்டியபடி நின்றிருந்தாள். காதுமடல், புருவம், முடியெல்லாம் வெள்ளைத் தூள்.

"ஏங்க, தட்டவே இல்லையே நீங்க?"

"மறந்தே போச்சுடி," என்றார் பனிக்கரடியார்.