விசிலுக்கு வராத முத்தழகு

கோடை முகாமின் மூன்றாம் நாள் காலையில் மாரியூர்க் கடலுக்குள் சொறிமீன்கள் என்கிற ஜெல்லி மீன்கள் வந்தன. மேலே பட்டால் தோலில் சூடு போட்டதுபோல எரியும். முதலில் பார்த்தவர் காஜா நவாஸ். முகாமில் விளையாட்டுக்கும் கடல் குளியலுக்கும் அவர்தான் பொறுப்பு. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக மூன்று தடவை ஊதினார். மூன்று விசில் வந்தால் எங்கே நின்றாலும் கரையேறிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தது.

முழங்கால் ஆழத்தில் நின்ற நாற்பது பிள்ளைகளில் முப்பத்தொன்பது பேர் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி மட்டும் கரைக்கு முதுகைக் காட்டி, குனிந்து, தண்ணீருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது முத்தழகு. மாரியூர்ப் பிள்ளைதான்.

முகாமை நடத்தும் லாமியா சுடிதாரோடு கடலுக்குள் ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சிறுமி திடுக்கிட்டு அலறியதில் எடுத்து வைத்திருந்த சிப்பிகளெல்லாம் தண்ணீரில் விழுந்தன. ஒரு முழம் தள்ளி, வெளிறிய குடை மாதிரி ஒரு சொறிமீன் மிதந்து போனது.

"மூணு நாளா பாக்குறேன்" என்றார் காஜா நவாஸ். "சாப்பாட்டுக்கு ஊதுனா வர மாட்டா. விளையாட்டுக்கு ஊதுனா வர மாட்டா. எல்லாரும் போன பொறவு ஆடி அசைஞ்சு வருவா. இது திமிரும்மா. கடல்ல திமிரு ஆகாது. வீட்டுக்கு அனுப்பிருவோம்."

லாமியாவிடம் இருந்த கையேட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருந்தது: தண்ணீரில் அழைப்புக்குக் கட்டுப்படாத பிள்ளையை இரண்டாம் தடவைக்குப் பிறகு தண்ணீரில் விடக் கூடாது.

லாமியா சாயல்குடிக்காரி. தனியார் பள்ளி ஒன்றில் வணிகவியல் ஆசிரியை. போன வருடம் வெறும் துணிச்சலை மட்டும் வைத்துக்கொண்டு முதல் முகாமை நடத்தினாள். அதில் ஒரு பையன் வெயிலில் மயங்கி விழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அழுதுவிட்டாள். அதனால் இந்த வருடம், கோடை முகாம் நடத்துகிறவர்களுக்கென்றே பரமக்குடியில் இயங்கும் ஒரு மையத்தில் சேர்ந்திருந்தாள். ஏப்ரலில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். தடிமனான ஒரு கையேடு கொடுத்தார்கள். மே மாதம் முழுக்க, காலை ஆறிலிருந்து இரவு எட்டுவரை எதற்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒரு போன் நம்பரும் கொடுத்திருந்தார்கள்.

அன்று மதியம், பிள்ளைகள் சாப்பிடும்போது அந்த நம்பருக்குப் போட்டாள். எடுத்தவள் துர்காதேவி. அவளும் ஏழெட்டு வருடம் முகாம் நடத்தியவள். இப்போது முப்பது முகாம்களின் தொல்லைகளைப் போனிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

லாமியா நடந்ததைச் சொல்லிவிட்டு, "அனுப்பிறட்டுமா?" என்று கேட்டாள்.

"அவ எந்தப் பக்கம் பாத்து நின்னா?"

"கடலைப் பாத்து."

"மத்த நேரத்துல விசில் ஊதும்போது?"

லாமியா யோசித்தாள். தெரியவில்லை. மூன்று நாளும் பிள்ளை வரவில்லை என்பதை மட்டும்தான் கவனித்திருந்தாள். வராத நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கவே இல்லை.

"தண்ணிக்குள்ள விடாதீங்க, அது சரி" என்றாள் துர்காதேவி. "ஆனா வீட்டுக்கு அனுப்புறதை நாளைக்கு வரை ஒத்திப்போடுங்க. நாளைக்கு ஒரு நாள் அவளை மட்டும் பாருங்க. திட்டாதீங்க, ஒண்ணும் கேக்காதீங்க. பாத்ததை மட்டும் எழுதி வைங்க. என்னன்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு."

மறுநாள் லாமியா ஒரு சின்ன நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு முத்தழகின் பின்னால் அலைந்தாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை. காகிதத்தில் வள்ளம் மடிக்கக் கற்றுக்கொடுத்தபோது எல்லோருக்கும் முன்னால் மடித்துவிட்டாள். ஆனால் கற்றுக்கொடுத்தவரின் முகத்துக்கு நேர் எதிரே இடம்பிடித்துத்தான் உட்கார்ந்தாள். வேறொரு பிள்ளை மறைத்தபோது எழுந்து இடம் மாறினாள். ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதியதும் எல்லோரும் கிளம்ப, அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இவள் கிளம்பினாள். கடைசியாக வந்தாள். சாயங்காலம் காஜா நவாஸ் விசிலை எங்கோ வைத்துவிட்டுத் தேடியபோது, துண்டை வீசி ஒரு பந்தயம் விட்டார். அதில் முத்தழகு முதலாவதாக வந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. "பதிக்குது டீச்சர்" என்பாள், பசிக்குது என்பதை. "தாப்பாடு ரெடியா?" என்பாள். மற்றப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். லாமியா அதையும் எழுதிக்கொண்டாள், எதற்கென்று தெரியாமலே.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். முத்தழகு, முகாம் நடந்த பள்ளிக்கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். முப்பதடி தள்ளி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று காஜா நவாஸ் விசில் ஊதினார். தென்னையில் இருந்த காகம் பறந்தது. முத்தழகின் தூரிகை நிற்கவில்லை. இன்னொரு தடவை ஊதினார். அவள் பச்சையைக் கழுவிவிட்டு நீலத்தைத் தொட்டாள்.

லாமியா அதே இடத்தில் நின்று, சாதாரணக் குரலில், "முத்தழகு" என்றாள்.

சிறுமி உடனே திரும்பி, "என்ன டீச்சர்?" என்றாள்.

"பாத்தியளா?" என்றார் காஜா நவாஸ். "காது நல்லாத்தான் கேக்குது. விசிலுக்கு மட்டும் செவிடு! இதுக்குப் பேர் என்னம்மா?"

லாமியாவுக்கும் குழப்பம்தான். சாதாரணமாகக் கூப்பிட்டது கேட்கிற காதுக்கு, காகத்தைப் பறக்கவைத்த விசில் எப்படிக் கேட்காமல் போகும்? போனில் துர்காதேவியிடம் கேட்டாள்.

"சத்தியமா எனக்குத் தெரியலை லாமியா. ஆனா தெரிஞ்ச ஆள் எங்க லிஸ்ட்ல இருக்காரு. லைன்லயே இருங்க."

அப்படி வந்து சேர்ந்தவர் ரிஃபாய். மதுரையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை அவருக்கு. முகாம்காரர்களுக்குச் சந்தேகம் வந்தால் பேசுவதாக மையத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். லாமியா நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள். "பதிக்குது" என்ற இடத்தில் அவர் நிறுத்தினார்.

"ச வரலையா? ஸ்கூல், சிவப்பு, சோறு?"

"டீச்சர்ல வர்ற அழுத்தமான ச்ச வருது. மத்த எல்லாத்துலயும் த தான் வருது."

"ம்ம். காதுன்னா முழுசா கேக்கும், இல்லாட்டி முழுசா கேக்காதுன்னு நாம நினைக்கிறோம். அப்படி இல்ல. சில பேருக்கு தடிச்ச சத்தமெல்லாம் நல்லா கேக்கும். கீச்சுன்னு மெல்லிசா வர்ற சத்தம் மட்டும் கேக்காது. விசில், குருவி, வாயில வர்ற ஸ், ஷ், இதெல்லாம் அந்தப் பக்கம். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறதுனால வீட்டுலயும் தெரியாது, பள்ளிக்கூடத்துலயும் தெரியாது. இருந்தாலும் நீங்களா முடிவு பண்ணிறாதீங்க. முறையா டெஸ்ட் எடுக்கணும். அதுவரைக்கும் அவளுக்குக் கேக்குற மாதிரி ஒரு சத்தத்தைக் கண்டுபிடிங்க."

போனை வைத்துவிட்டு லாமியா முத்தழகின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். படத்தில் நீலக் கடல் இருந்தது. கடலுக்குள் நிறைய பேர் இருந்தார்கள். கரையில் ஒரு மனிதர் வாயில் எதையோ வைத்துக்கொண்டு நின்றார்.

"இது யாரு?"

"நவாத் தார்."

"நவாஸ் சார் என்ன பண்றாரு?"

"அதை வாயில வைக்கிறாரு. அவரு வாயில வச்சா எல்லாரும் ஓடணும்." பிறகு, குறை சொல்கிற தொனியில், "நான் அங்கிட்டுப் பாத்துட்டு நிக்கும்போதே வைக்கிறாரு டீச்சர்" என்றாள்.

லாமியாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "ஊதும்போது சத்தம் வருமே, முத்தழகு?"

சிறுமி தூரிகையை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"விதிலுக்குத் தத்தம் உண்டா?"

பின்னால் நின்றுகொண்டிருந்த காஜா நவாஸ் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கடற்கரைப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில், மீன் ஏலம் விடுகிற இடத்திலிருந்து ஒரு காலி பிளாஸ்டிக் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார். ஐஸ் போட்டு வைக்கிற பெரிய நீலப் பீப்பாய். அதைக் கவிழ்த்து வைத்து, கட்டையால் ஓர் அடி அடித்தார். தொம்மென்று சத்தம் எழுந்தது. முத்தழகு துள்ளித் திரும்பினாள். அவர் ஐம்பதடி தள்ளிப் போய் அடித்தார், திரும்பினாள். நூறடி தள்ளி, காற்றுக்கு எதிராக நின்று அடித்தார். அதற்கும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இனிமே இதுதான்" என்றார். "மூணு அடி அடிச்சா கரைக்கு வரணும். என்ன புள்ள?"

"தரி தார்."

பிள்ளைகள் எல்லோருக்கும் பீப்பாய் பிடித்துப்போனது. அதை அடிக்க வரிசையில் நின்றார்கள். முத்தழகைக் கடலுக்குள் மட்டும் லாமியா இன்னும் விடவில்லை. டெஸ்ட் முடியட்டும் என்றாள். அதற்கு முத்தழகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பீப்பாய் வந்த அன்று மாலையே லாமியா முத்தழகின் வீட்டுக்குப் போனாள். அம்மா சேதுலட்சுமி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். முகாமிலிருந்து ஆள் வந்ததைப் பார்த்ததுமே அவள் முகம் சுருங்கியது.

"என்ன செஞ்சா டீச்சர்? சொல்லுங்க, நான் கண்டிக்கேன்."

"ஒண்ணும் செய்யலை அக்கா." லாமியா விஷயத்தை மெல்லச் சொன்னாள்.

"காதா? அதெல்லாம் நல்லாக் கேக்கும். அவ அய்யா வாசல்ல வந்து இருமுனா உள்ள இருந்து ஓடுவா. பொட்டப்புள்ளைக்குக் காது கேக்கலைன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சுன்னா பொறவு என்ன செய்யிறது டீச்சர்? முகாமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளையில இருந்து அவ வர மாட்டா."

லாமியா எழுந்திருக்கவில்லை. இங்கேயும் வாதாடக் கூடாது, கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. "வீட்டுல எதுக்காச்சும் திட்டு வாங்குவாளா அக்கா?"

"திட்டு வாங்காத நாள் உண்டா? சோம்பேறி. நான் இங்கன மிஷின்ல உக்காந்திருப்பேன். இந்தச் சத்தத்துல எனக்கு அடுப்படி கேக்காது. குக்கர் பக்கத்துல இவளை உக்கார வச்சு, நாலு விசில் வந்ததும் அமத்துடின்னு சொல்லுவேன். பக்கத்துலயே உக்காந்து புத்தகத்தைப் பாத்துட்டு இருப்பா. பருப்பு அடிப்பிடிச்சு நாத்தம் வந்தாத்தான் எந்திரிப்பா. ரெண்டு தடவை அடிச்சுக்கூடப் போட்டேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மிஷின் சக்கரத்தின் மேல் இருந்த கை அப்படியே நின்றது.

"டீச்சர்" என்றாள். "விசிலு."

"ஆமாக்கா."

சேதுலட்சுமி தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் துணியை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். பிறகு, "எத்தனை மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து மூவரும் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். எங்கே போக வேண்டும், எந்த அறையில் கேட்க வேண்டும், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று துர்காதேவி முதல் நாளே எழுதி அனுப்பியிருந்தாள். கண்ணாடி அறைக்குள் முத்தழகின் தலையில் ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். தொடக்கத்தில் கை டக் டக்கென்று எழுந்தது. போகப் போகக் குறைந்தது. கடைசியில் வெகுநேரம் கை எழவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே சேதுலட்சுமி தன்னை அறியாமல் தன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

ரிஃபாய் சொன்னது சரியாக இருந்தது. இரண்டு காதிலும் கீச்சென்ற மெல்லிய சத்தங்களின் பக்கம்தான் குறை. அதற்குத் தக்க கருவி பொருத்தலாம், அளவெடுத்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் முத்தழகு ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். சேதுலட்சுமி வழியெல்லாம் அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

முகாமின் கடைசி நாளில், காஜா நவாஸ் கூடவே நிற்க, முத்தழகு மற்றவர்களோடு கடலில் இறங்கினாள். அன்று பீப்பாயை அடித்தது சேதுலட்சுமி. மூன்று அடி அடிக்கச் சொன்னால் ஏழெட்டு அடித்தாள். அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் முத்தழகு கரையில் நின்றாள்.

ஜூன் முதல் வாரத்தில் துர்காதேவி கூப்பிட்டாள். கையேட்டில் அந்த இடத்தைத் திருத்தப் போவதாகவும், எப்படி எழுதலாம் என்று லாமியா சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள். இருவரும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். முடிவில், முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் திரும்பி நிற்கவைத்து, முகாமின் அழைப்புச் சத்தம் அதற்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சேர்த்தார்கள். "கட்டுப்படாத பிள்ளை" என்ற வார்த்தையை லாமியா எடுக்கச் சொன்னாள். துர்காதேவி எடுத்துவிட்டாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேதுலட்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு சாயல்குடிக்கு லாமியாவின் வீட்டுக்கு வந்தாள். முத்தழகின் இரண்டு காதுக்குப் பின்னாலும் அவரை விதை அளவில் கருவி இருந்தது.

"மாட்டிவிட்ட அன்னைக்கு அழுதா டீச்சர். காத்து கத்துதுன்னு சொல்லிக் கழட்டிப் போட்டா. இப்ப என்னடான்னா, வீட்டுல ஒரு சாமானை விட மாட்டேங்கிறா. தட்டிப் பாக்கிறா, கிழிச்சுப் பாக்கிறா. நேத்து ஒரு பாக்கெட் குண்டூசியைத் தரையில கொட்டிக் கொட்டி..."

"ச்ச்சாப்பாடு" என்றாள் முத்தழகு இடையில் புகுந்து, ச-வை நன்றாக அழுத்தி. "ரெண்டு மாதத்துல எல்லாம் வந்துரும்னு டாக்டர் சொன்னாங்க." 'மாசம்' மட்டும் இன்னும் அவள் வாயில் வரவில்லை.

லாமியா சிரித்துக்கொண்டே டீ போட அடுப்படிக்குப் போனாள். முத்தழகு பின்னாலேயே வந்தவள், வாசற்படியில் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்தாள்.

"டீச்சர், இங்கன ஒண்ணு கத்துது."

"ஒண்ணும் கத்தலையே."

"கத்துது. கேளுங்க."

லாமியா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். முதலில் தெருவில் போகிற ஆட்டோதான் கேட்டது. அது போன பிறகு, சன்னமாக, விட்டு விட்டு, கிர்ர் கிர்ர் என்றொரு சத்தம். எத்தனை நாளாக அங்கே இருந்ததோ, அவள் கவனித்ததே இல்லை.

"எது டீச்சர் அது?"

"தெரியலையே. சில்வண்டா இருக்கும்."

"எங்கன இருக்கு?"

சேதுலட்சுமியும் உள்ளே வந்தாள். மூன்று பேருமாகச் சத்தம் வந்த மூலையில் கேஸ் சிலிண்டரை நகர்த்தினார்கள். சத்தம் நின்றது. முத்தழகு உதட்டில் விரலை வைத்து இருவரையும் அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, இருட்டுக்குள் காதை நீட்டிக் காத்திருந்தாள்.