சித்தி வேடக்காரன்

ஏகோ மேடையேறினாலே வசவுதான். போன்சி வாத்தியாரின் நாடகக் குழுவில் இருபது வருஷமாக அவனுக்குச் சித்தி வேடம். இடுப்பில் பூத்துணியை இறுக்கிக் கட்டி, பொய்முடி வைத்து, தாயில்லாப் பிள்ளையைப் பட்டினி போட்டு அடிப்பான். கூட்டம் ஆரஞ்சுத் தோலை வீசும். ஒருமுறை ஒரு பெண்பிள்ளை செருப்பைக் கழற்றிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள். அவ்வளவு நன்றாக நடித்தான், பாவி.

தாயில்லாப் பிள்ளை ஃபிஃபி. வயசு நாற்பதுக்கு மேல், உருவம்தான் சின்னது. அரைக்கால் சட்டையோடு மூலையில் உட்கார்ந்து பசிப்பாட்டை ஆரம்பித்தால் போதும், ஊரே அழும். எங்கள் ஜனங்கள் சும்மா அழுதுவிட்டுப் போகிறவர்களா? ஆட்டத்தின் நடுவிலேயே எழுந்துவந்து பிள்ளைக்கு முன்னால் புளித்த மக்காச்சோள மாவில் அவித்த கெங்கே உருண்டையும் பொரித்த மீனும் வைப்பார்கள். காசை எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டுவார்கள். சித்திக்கு எவன் வைப்பான்?

ஆட்டம் முடிந்ததும் ஃபிஃபி அந்தக் கெங்கேயைப் பிட்டு, பெரிய பாதியாகப் பார்த்து ஏகோவிடம் நீட்டுவான்.

"தின்னுடி சித்தி. நீ அடிச்ச அடிக்குத்தானே இது கெடச்சுது."

ஏகோ சிரித்துக்கொண்டே தின்பான். உள்ளுக்குள் எரியும். பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது. ஒரே ஒரு நாள் அந்த வேடத்தைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி வாத்தியாரிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான்.

"உன் மூஞ்சியப் பாத்தா பால் திரிஞ்சிடும். உனக்காக எவன்டா அழுவான்?" என்று சொல்லி அவர் போய்விடுவார்.

தார்க்வா சுரங்கக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். காலையில் ஃபிஃபி குழுவின் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"ஏகோ, நெஞ்ச என்னமோ அடைக்குதுடா. இன்னிக்கு என் வேசத்த நீ போட்டுக்கோ. சித்திக்குப் பாட்டு இல்ல, நின்ன எடத்துல திட்டுறதுதானே, நான் எப்படியோ சமாளிச்சுக்கிறேன். வாத்தியார்கிட்ட நானே சொல்றேன்."

இருபது வருஷமாகக் காத்திருந்த வேடம். சரி என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து ரோஷம் வந்தது.

"உனக்கு முடியலன்னதும் ஏகோ வேணுமா? இத்தன வருஷமா எங்க போச்சு இந்த நெனப்பு? உன் மிச்சம்மீதிக்கு நான் ஆள் இல்லப்பா."

ஃபிஃபி மெல்ல எழுந்து அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டான்.

பசிப்பாட்டின் இரண்டாவது அடியில் ஃபிஃபி பக்கவாட்டில் சரிந்தான். நாடகத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது. ஏகோ அவனிடம் ஓடினான்.

"ஐயய்யோ, பசியில பிள்ள மயங்கிடுச்சே!" என்று பெண்கள் கெங்கேயோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி அவன் தலையை மடியில் வைத்து மீனைப் பிட்டு வாயில் ஊட்டினாள்.

"வெலகுங்க! நெசமாவே மயங்கிட்டான்! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

ஏகோ கத்தினான்தான். ஆனால் இருபது வருஷப் பழக்கம், வாயிலிருந்து வந்தது சித்தியின் கீச்சுக்குரல்.

"பாருடி, இப்ப நீலிக்கண்ணீர் வடிக்கிறா!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"பிள்ள மேல கைய வச்சே, ஒடிச்சுப்புடுவேன்!"

நாலு சுரங்கக்காரர்கள் அவன் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஏகோ திமிறிப் பொய்முடியைப் பிய்த்து எறிந்தான். "யோவ், நான் ஆம்பளய்யா! நாடகம் இல்லய்யா இது!" வழக்கமாகக் கடைசிக் காட்சியில்தான் சித்தியின் முடி கழன்று விழும். அந்த இடம் வந்துவிட்டதென்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. பாண்டு வாத்தியக்காரர்களும் வாசிப்பை நிறுத்தவில்லை. வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த வாத்தியார் சங்கதி புரிந்து ஓடிவருவதற்குள் ஃபிஃபியின் கை சில்லிட்டுவிட்டது. ஊட்டிய மீன் வாயிலேயே இருந்தது.

ஃபிஃபியைச் சொந்த ஊரான எல்மினாவில் அடக்கம் செய்தார்கள். அவன் மனைவி அராபா ஏகோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தன பேருல அவரக் காப்பாத்தப் பாத்தது நீங்க ஒருத்தர்தாண்ணே."

லாரிச் சக்கரத்தடியில் நடந்த பேச்சு அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. சொல்லிவிட நினைத்தான், தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

ஆறு வாரம் கழித்து ஸ்வெட்ருவில் ஆட்டம். வாத்தியார் அரைக்கால் சட்டையை அவன் மடியில் போட்டார்.

"நீதான்டா போடணும். எல்லாப் பாட்டும் உனக்குத்தான் தெரியும்."

ஏகோ மூலையில் போய் உட்கார்ந்தான். பாட வாயைத் திறந்தான். பாட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. தோள் குலுங்கக் குலுங்க அழுதான். முன்வரிசை அழுதது, பிறகு பின்வரிசையும் அழுதது. தடித்த மீன்காரி ஒருத்தி மூச்சு வாங்க மேடையேறி அவன் முன்னால் கெங்கேயும் மீனும் வைத்தாள். அவன் கை அதுபாட்டுக்கு உருண்டையை இரண்டாகப் பிட்டது. பெரிய பாதியைப் பக்கத்தில் நீட்டிக்கொண்டே இருந்தான்.

"தின்னு ராசா. யாருக்குடா எடுத்து வைக்கிற?"

"என் கூட்டாளிக்கும்மா. நெஞ்சடைக்குதுன்னு என்னத்தான் கேட்டான். ரோஷத்துல மாட்டேன்னுட்டேன். செத்துப்போயிட்டான்மா. நான்தாம்மா கொன்னுட்டேன்."

சித்தியின் குரல் இல்லை, அனாதைப் பிள்ளையின் குரலும் இல்லை. சொந்தக் குரலில், முதல்முதலாக ஒரு மனுஷியிடம் சொல்லிவிட்டான்.

மீன்காரி முந்தித் துணியால் மூக்கைச் சிந்தினாள். காசை எச்சிலில் தொட்டு அவன் நெற்றியில் அழுத்தி ஒட்டினாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"என்னமா நடிக்கிறான் பாருங்கடி, பெத்த வயிறு கலங்குது!"

அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப்பேர் கெங்கேயோடு மேடையேறிக்கொண்டிருந்தார்கள்.