நாலாம் நம்பர் விரிசல்

“அம்பது வருஷமா? சாப்பாடு தண்ணி இல்லாமலா?”

“ஆமா சார். இந்தப் பாக்டீரியா காஞ்சு போய்த் தூங்கும். கான்கிரீட் விரிசல் விட்டு உள்ளே தண்ணி வந்தா முழிச்சுக்கும். நாம பக்கத்துல வச்ச தீனியைத் தின்னும், சுண்ணாம்பா விடும். அந்தச் சுண்ணாம்புலயே விரிசல் ஆறிடும்.”

“இதை எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர். என்னைப் பத்திதான் பேசறீங்கன்னு நினைச்சுக்குவா.”

போன வருடம், பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்தியிருந்த மாதத்தில், காய்ந்த கால்வாயின் நடுவில் நின்று பேசிய பேச்சு இது. பதில் சொன்னவள் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள். கையில் கலங்கிய பால் நிறத்தில் ஒரு கேன் பாக்டீரியா வைத்திருந்தாள். கேள்வி கேட்டவன் அந்தக் கால்வாயின் ஓவர்சியர். அக்காவைப் பற்றி அவன் சொன்னதும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலிருந்து அவன் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அவளிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தான். நினைத்து வருடம் ஒன்றாகிவிட்டது.

வேலையாட்கள் அவனுக்கு ‘அரைமில்லி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சட்டைப் பையில் விரிசல் அளக்கும் அட்டை இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. விரிசல் என்று யாராவது வாயெடுத்தால், “எத்தனை மில்லி?” என்பதுதான் அவன் முதல் கேள்வி. அக்கா காய்ச்சல் என்று படுத்தாலும் முதலில் தெர்மாமீட்டரைப் பார்ப்பான், அப்புறம்தான் அக்காவைப் பார்ப்பான். இப்படி அளந்து அளந்தே முப்பத்தொன்பது வயது வரை தனிக்கட்டையாக வந்து சேர்ந்திருந்தான்.

இந்த வருடம் டீச்சர் மறுபடி வந்தாள். ஏழு விரிசல்களைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டாள். ஏழிலும் பாக்டீரியா மருந்தை ஊற்றி இருபத்தெட்டு நாள் பார்ப்பது என்று ஏற்பாடு. ஏழும் மூடிக்கொண்டால் கால்வாய் முழுவதும் இதே வைத்தியம். அவளும் வேலை முடியும்வரை இந்த ஊரிலேயே இருப்பாள். மூடாவிட்டால் ஆராய்ச்சிக்கு முற்றுப்புள்ளி. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். நாலாம் நம்பர், ஓவர்சியரின் அலுவலக அறைக்கு நேர் எதிரே, பக்கச் சுவரின் மேல்பகுதியில் இருந்தது. அகலம் சரியாக அரை மில்லிமீட்டர். “இது உங்க செல்லம் சார், நீங்களே பார்த்துக்கங்க” என்று அவனிடம் ஒப்படைத்தாள்.

அவன் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டான். நாலாம் நம்பர் என்றைக்கு ஆறுகிறதோ, அன்றைக்குக் கேட்டுவிடுவது.

இருபத்தெட்டு நாள் ஆயிற்று. ஆறு விரிசல்களில் பல்பொடியால் கோடு இழுத்த மாதிரி வெள்ளை ஓடியிருந்தது. நாலாம் நம்பர் மட்டும் முதல் நாள் இருந்தபடியே கறுப்பாகப் பல்லிளித்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் ஒரு வெள்ளைப் பொட்டு கிடையாது.

காரணம் அவனுக்குத் தெரியும். மருந்து ஊற்றுவதற்கு முந்தின நாள், டீச்சர் பார்க்கப்போகிற விரிசல் மழைப் பாசியும் புழுதியுமாக இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்து பிளீச்சிங் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, தண்ணீரில் தாராளமாகக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டு, தேய் தேய் என்று தேய்த்துவிட்டான். குடிதண்ணீரில் கிருமி இல்லாமல் இருப்பது பிளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரின் புண்ணியத்தில் என்று டீச்சர் வேலையாட்களுக்கு விளக்கியது பன்னிரண்டாம் நாள். பக்கத்தில் நின்றிருந்த ஓவர்சியருக்குத் திருடனைத் தேள் கொட்டின கதையாயிற்று. வலித்தது, கத்த முடியவில்லை.

கடைசியில் விஷயத்தை வெளியே இழுத்தது அக்காதான். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்த அக்காவுக்கு, அன்று தண்ணீர்த் தொட்டி கழுவும் வேகம் வந்தது. பவுடர் டப்பாவைத் தேடினாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தினாள். எத்தனை நாளைக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியும்? அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். அக்கா மெஷின் மேல் கையூன்றிச் சிரித்தாள். அது போதாமல் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள்.

“விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வாசல்லயே விஷம் வச்சிருக்கியேடா.”

“சுத்தமா இருக்கட்டும்னுதான்க்கா.”

“சரி, அவகிட்ட கேக்க வேண்டியதை எப்பக் கேக்கப்போறே?”

“அது ஆறினதும் கேக்கலாம்னு...”

“அதை ஆறவிடாம நீயே பண்ணிட்டியே. ஆறின கஞ்சி பழங்கஞ்சிடா. போ, முதல்ல செஞ்ச தப்பைச் சொல்லு. அதுக்கே வாய் திறக்கலேன்னா மத்ததுக்கு எங்கே திறக்கப்போகுது?”

மறுநாள் காலை அவன் போனபோது, டீச்சர் சுவர் ஓரம் மடித்த சாக்கின் மேல் நின்று, லென்ஸ் வைத்து நாலாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைகட்டி நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தான். எத்தனை கரண்டி பவுடர், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை நிமிடம் தேய்த்தது என்பது வரைக்கும் சொன்னான். அவள் இல்லாவிட்டால் இந்தக் கால்வாய்க்கு ஆகாது என்றும், மேலிடத்துக்குத் தன் பெயரில் விளக்கம் எழுதித் தருவதாகவும் சொன்னான்.

அவள் நோட்டைப் பிரித்து நீட்டினாள். ஐந்து நாளைக்கு முந்தின தேதியில் அவள் கையெழுத்து இருந்தது: ‘எண் 4. குளோரின் மிச்சம். கழுவியவர் ரொம்பச் சுத்தக்காரர்.’

“தெரியுமா உங்களுக்கு?”

“கொஞ்சம் சுரண்டி லேபுக்கு எடுத்துட்டுப் போனேன் சார். இந்த ஏரியாவுலயே இப்படிப் பளபளன்னு இருக்கிற விரிசல் வேற கிடையாது.”

“அப்ப ஏன் கேக்கலே?”

“நீங்களா ஒரு விஷயத்தைச் சொல்ல எத்தனை நாள் ஆகும்னு நானும் ஒரு ஆராய்ச்சி பண்ணினேன். அஞ்சு நாள். பரவாயில்லை.”

மேலிடத்துக்கு அவளே எழுதிவிட்டிருந்தாள். ஆறு விரிசல் ஆறிவிட்டது, ஏழாவதுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, பாக்டீரியா மேல் குற்றமில்லை. அதனால் நாலாம் நம்பரை இன்னொரு முறை செய்து காட்ட அனுமதியும் கிடைத்திருந்தது. செய்முறைக் குறிப்பிலும் ஒரு புது வரி சேர்ந்தது: ‘பிளீச்சிங் பவுடர் கூடாது.’ அந்த வரிக்குப் பக்கத்தில் அவன் பெயரைப் போடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று அவன் கெஞ்சினான்.

கால்வாயில் தண்ணீர் விட்டாலும் அந்த உயரத்துக்கு ஏறாது. அதனால் வைத்தியம் தடைப்படாது. அன்றைக்கே தொடங்கினார்கள். வெறும் தண்ணீரால் நாலைந்து தடவை அலசினாள். ‘வெறும் தண்ணி’ என்பதை அவனைப் பார்த்து அழுத்திச் சொன்னாள். அவன் கேனைப் பிடித்துக்கொள்ள, சிறிய பிரஷ்ஷால் விரிசல் நெடுக மருந்தைத் தடவினாள்.

“போன வாரம் உங்க அக்காகிட்ட சட்டை தைக்கக் கொடுத்தேன்” என்றாள், கண்ணை விரிசலிலிருந்து எடுக்காமல். “அளவெடுக்கிறப்ப சொன்னாங்க. தம்பி என்கிட்ட ஏதோ கேக்க வச்சிருக்காராம். என்னன்னு மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க.”

கேன் தளும்பியது. அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“இது ஆறினதும் கேக்கலாம்னு இருந்தேன் டீச்சர்.”

“அப்ப இன்னும் இருபத்தெட்டு நாளா?”

அவள் பிரஷ்ஷை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். உதட்டோரத்தில் அந்தப் போன வருடச் சிரிப்பு, வரலாமா வேண்டாமா என்று நின்றது. அவன் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய், அளவு அட்டையைத் தொட்டு, வெறுமனே திரும்பி வந்தது. கேனைத் தரையில் வைத்தான். வேட்டு வைத்தாலும் அசையாத மனிதன், தொண்டையை இரண்டு தடவை செருமினான்.

“இது ஆறினாலும் சரி, ஆறலேன்னாலும் சரி, நீங்க திரும்பிப் போக வேண்டாம் டீச்சர். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”