ஓசி பஸ்ஸும் மாப்பிள்ளை இல்லாத பத்திரிகையும்

1

இந்தக் கதை எனக்குக் கல்யாணப் பத்திரிகையாக வந்தது. எங்கள் ஊரில் சாரம் பகுதியில் பெயிண்டும் பைப்பும் விற்கும் அன்வருதீன் பாயின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு: 'கல்யாணப் பத்திரிகை, அவசியம் வரவும்.' தொட்டேன். கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்தினேன். பத்திரிகை மட்டும் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் மாமனார் கூப்பிட்டார்.

"இன்னா மாப்ள, யாருக்குக் கல்யாணம்? உங்க நம்பர்லேருந்து பத்திரிகை வந்துச்சு, தொறக்க மாட்டேங்குது."

எங்கள் வீட்டில் இருப்பது நானும் என் மனைவி மேனகாவும் மட்டும்தான். மேனகா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. போனைச் சுத்தம் செய்தவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார், பாதியில் கிடந்த என் நாவல் உட்பட. (அதற்காக யாரும் அழவில்லை.) மிஞ்சியது இந்தக் கதைதான்.

2

முதல் தொடக்கம்: 'தொழில்நுட்ப யுகத்தில் மனிதன் தன் அந்தரங்கத்தை' [வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.]

இரண்டாவது: 'அறுபதை நெருங்கும் அன்வருதீனுக்கு ஒரு பேருந்து ஓட்டுநராக வேண்டுமென்ற ஆசை சிறுவயதிலேயே' [ரொம்பச் சோகமாகப் போகிறது. நிறுத்திவிட்டேன்.]

மூன்றாவது, உள்ளதைச் சொல்லிவிடுவது. அன்வருதீன் பாய்க்குப் போனில் பஸ் ஓட்டும் விளையாட்டென்றால் உயிர். கடலூர் ரூட்டில் ஓடுகிற தனியார் பஸ் வேண்டும், அதே பெயிண்ட், அதே ஏர் ஹாரன். முறையான இடத்தில் அது கிடைக்கவில்லை. எவனோ எங்கேயோ போட்டிருந்த ஓசிக் கோப்பை இறக்கினார். தெரியாத இடத்திலிருந்து வந்தது, ஆபத்து என்று போன் சொன்னது. பிஸ்மில்லா சொல்லி 'அனுமதி'யை அழுத்தினார். அடுத்து, உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்கட்டுமா, குறுஞ்செய்திகளைப் படிக்கட்டுமா என்று கேட்டது. அவர் மனைவி ஜரினா எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க, பஸ் ஓட்டுறதுக்கு நம்ம ஆளுங்க நம்பரெல்லாம் எதுக்கு?"

"பஸ்ஸுன்னா பாசஞ்சர் வேணாமா?" என்றார் அன்வருதீன்.*

பஸ் ஓடியது. கடலூருக்குப் போகிற வழியில் முள்ளோடை வரை போய் நின்றது, திரை கறுத்தது. அந்தக் கோப்பு பத்திரிகை என்று பெயர் மாற்றிக்கொண்டு அவர் போனிலிருந்த அத்தனை பேருக்கும் கிளம்பிப் போனது. பணம் போனதா என்று கேட்பீர்கள். போகவில்லை. மகள் ஹனீன் உடனே வங்கிக்குச் சொல்லி நிறுத்திவிட்டாள். போயிருந்தால் செய்தித்தாளே எழுதியிருக்கும், நான் எதற்கு?

* இந்தப் பதில் நம்பும்படி இல்லை என்கிறாள் மேனகா. நான் ஒரு ஜோசிய ஆப்புக்குக் கேமராவைத் திறந்துவிட்டவன். எனக்கு நம்பும்படிதான் இருக்கிறது.

3

அந்த வீட்டில் கல்யாணமே இல்லை. ஒரே மகள் ஹனீனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் மன்றாடிச் சம்மதம் வாங்கி, அடுத்த வாரம் போய்ச் சேர இருந்தாள். ஊருக்கு அது தெரியாது. மாப்பிள்ளை யாரென்றும் தெரியாது. ஆனால் ஊரின் கோபம் அதற்கில்லை. போனிலேயே அழைத்துவிட்டார்களே என்பதுதான் கோபம்.

நம் ஊரில் போனில் வருவது தகவல். புருஷனும் பெண்டாட்டியுமாக வீடேறி வந்து சொன்னால்தான் அழைப்பு. கருவடிக்குப்பத்து சுப்பிரமணியன், நிலத்தையும் பார்த்துக்கொண்டு டவுனில் பிளம்பர் வேலையும் செய்பவர், பாயின் நெடுநாள் சிநேகிதர், கடைப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அதனால் அன்வருதீனும் ஜரினாவும் மறுப்புச் சொல்லக் கிளம்பினார்கள். நல்ல துணி உடுத்தி, ஜோடியாக, வீடு வீடாக.

விபரீதம் இப்போது புரிகிறதா உங்களுக்கு? அவர்களுக்குப் புரியவில்லை.

"வாங்க பாய்," என்றார் சுப்பிரமணியன். "இப்பத்தான் மனசு ஆறுச்சு."

"கல்யாணமே இல்ல சுப்பிரமணி. அது போன்ல எதோ வைரஸு அனுப்புனது."

"யாரு அனுப்புனா இன்னா பாய், நீங்க நேர்ல வந்துட்டீங்கல்ல. குடும்பத்தோட வந்துடறோம்."

'நான் விளையாடுவதற்கு ஓசி கேம் இறக்கினேன், அதன் வினை' என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. அவரால் முடியவில்லை. வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "புள்ளைங்க கையில போனக் குடுக்கறவன் தன் வீட்டுக்குத் தானே கொள்ளி வைக்கிறான்" என்று முழங்கியவர். வார்த்தை தொண்டை வரை வரும், தாடியைத் தாண்டாது. மறுக்கப் போன வீடெல்லாம் அழைத்த வீடாகிக்கொண்டே போனது.

4

ஹனீனை எனக்கு எழுத வரவில்லை. முதல் வரைவில் அழவைத்தேன். ஒட்டவில்லை. இரண்டாவதில் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளப்பினேன், அவள் வாசலோடு [அடித்தாயிற்று. ஓடிப் போக அவள் என்ன தப்பு செய்தாள்?] மூன்றாவதில் சும்மா பேசவிட்டேன்.

"அத்தா, உங்க பஸ்ஸப் பத்தி ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நான் வேலைக்குப் போவேன். சொல்லலன்னா ஊரே சேந்து ஒரு மாப்ளயப் புடிச்சிட்டு வந்துடும்."

பிடித்துக்கொண்டு வந்துவிட்டது.

5

ஞாயிற்றுக்கிழமை. இஷ்ரத் என்ற அம்மாள் தன் மகன் ஸைதோடும் இனிப்புத் தட்டோடும் வந்து உட்கார்ந்தார். "பத்திரிகை தொறக்கல, மாப்ள பேரும் தெரியல. ஒருவேள இன்னும் முடிவாவலையோன்னு வந்தோம்," என்றார். ஜமாஅத் பெரியவர்களும் சுப்பிரமணியன் குடும்பமுமாகக் கூடம் நிறைந்திருந்தது.

"நாள் குறிச்சிடலாமா பாய்?"

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ) கரண்ட் போய்விடுகிறது. சோம்பேறித்தனம்.

ஆ) ஸைதும் போனில் பஸ் ஓட்டுகிறவன் என்று தெரியவருகிறது. மாமனாரும் மருமகனும் ரூட் பேசிக் கட்டிக்கொள்கிறார்கள். மேனகாவுக்கு இதுதான் பிடித்தது. எனக்கும்தான். ஆனால் அதில் ஹனீன் என்ன செய்கிறாள் என்று தேடிப் பார்த்தேன். டீ கொண்டுவருகிறாள். சீ என்றாகிவிட்டது.

இ) நானே கூடத்துக்குள் போய் உண்மையைச் சொல்வது. ஆனால் என் எண்ணிலிருந்தும் பாதி ஊருக்குப் பத்திரிகை போயிருக்கிறது. என்னை யார் நம்புவார்கள்?

"குறிச்சிடலாமா?" என்று இஷ்ரத் மறுபடி கேட்டார்.

ஹனீன் உள்வாசலில் நின்றாள். அத்தாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்கு இன்னும் சங்கடமாகும் என்று எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்த இடத்தில் எனக்கு அவள்மேல் அப்படியொரு பாசம் வந்தது.

அன்வருதீன் எழுந்தார்.

"கல்யாணம் இல்ல. நான் போன்ல பஸ் ஓட்டுவேன். தெனமும் ஓட்டுவேன். ஓசில ஒண்ணு எறக்குனேன், அதுதான் உங்களயெல்லாம் கூப்ட்டுச்சு. எம் பொண்ணு நாளைக்கு ரயிலேறுறா."

6

அதற்குப்பிறகு கூடத்தில் சிரித்தார்களா, திட்டினார்களா, தட்டு வந்த வழியே திரும்பிப் போனதா, இதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக்காரர்களை வரிசையாக உட்காரவைத்தால் தானாக வரும். எனக்குத் தெரியாது. ஹனீனுக்கும் தெரியாது. அவள் பெட்டி கட்ட உள்ளே போய்விட்டாள்.