பேருக்கு நின்றவள்

...இல்லை, அது தன்னுடைய அடுக்காக இருக்க முடியாது, அந்த மேசைப் பெண் எங்கோ தவறு செய்திருக்கிறாள், இடது பக்கம் ஹெதர், வலது பக்கம் டெனிஸ், இருபத்தைந்து ஓட்டுச்சீட்டு சேர்ந்தால் ஒரு ரப்பர் வளையம், அப்படித்தானே காலையில் சொன்னார்கள், அப்படியென்றால் இடது பக்கம் எப்படி ஒன்பது கட்டு இருக்க முடியும், ஒன்பது இருபத்தைந்து இருநூற்று இருபத்தைந்து, ஹெதர் கயிற்றுத் தடுப்புக்கு இப்பால் நின்று இன்னொரு முறை பெருக்கிப் பார்த்தாள், பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு இந்தப் பெருக்கல் தவறாது, ஆனாலும்... அவளுக்குத் தெரிந்து பர்ட்லி கிராமத்தில் அவளுக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள் பதினைந்து பேர், அதில் இரண்டு பேர் வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. கணவன் ஃப்ராங்க் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே ஏழு ஓட்டு என்றான். "ஏழுக்கு மேல போனா நான் இந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவறேன்." அவள்கூட ஒன்பது என்றுதான் சொன்னாள், அதுவும் பேச்சுக்கு. கட்சிக்கு எல்லா வார்டிலும் ஒரு பெயர் வேண்டும், பர்ட்லியில் ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான், அதைக் கேட்க வந்த கட்சிக்காரி ஜில்லுக்கு அப்போதுதான் பல்லை அடைத்திருந்தார்கள், பாதி வாய் மரத்துப்போய், எச்சில் ஒழுகாமல் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு, "பேருக்குத்தாங்க, ஒரு கையெழுத்து, வீடு வீடாப் போக வேண்டாம், எதுவுமே செய்ய வேண்டாம்" என்று கேட்டால், அந்த நிலையில் இருக்கிற ஒருத்தியிடம் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்.

பத்தாவது கட்டு. வலது பக்கமும் பத்து. மேசைப் பெண் விரலில் மாட்டிய ரப்பர் உறையால் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள், முகத்தில் ஒன்றுமில்லை, சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு பொறுக்குகிறவளின் முகம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெருக்கல் குறி, பென்சிலில், சிலது மெலிதாக, சிலது காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி... இதோ இது, கட்டத்தை முழுதாக நிறைத்து, கோணல்மாணலாக, கை நடுங்குகிற யாரோ, பென்ஃபீல்டாக இருக்குமோ, போன மாதம் பற்கட்டு பொருந்தவில்லை என்று மூன்று முறை வந்தாரே, மூன்றாவது முறை அவள் முன்பதிவு இல்லாமலே அவரை உள்ளே அனுப்பினாளே. அல்லது ஊசிக்குப் பயந்து கார் நிறுத்துமிடத்திலேயே அழுத அந்தப் பெரிய ஆள், லாரி ஓட்டுகிறவர், அவள் வெளியே போய் அவரோடு வானிலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றாள்... அவளுக்கு இந்த ஊரில் எல்லோருடைய பிறந்த தேதியும் தெரியும், யாருக்கு எந்தப் பல் கோளாறு, யார் கடைசி நிமிடத்தில் வராமல் போவார்கள் என்பது தெரியும், ஆனால் அவர்களுக்கு அவளைத் தெரியும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற ஒரு குரல் என்றுதான் நினைத்திருந்தாள். யார் நீங்கள், உங்களுக்கு என்னிடம் என்ன வேண்டும், நான் ஒரு துண்டுப் பிரசுரம்கூட உங்கள் கதவிடுக்கில் போடவில்லையே.

விளையாட்டு அரங்கத்துக்குள் பக்கத்து நீச்சல் குளத்தின் மருந்து வாடை, தரையில் பூப்பந்துக் கோடுகள், அந்தக் கோடுகளின் மேல் ஆறு வார்டுகளின் மேசைகள், மற்ற மேசைகளில் எல்லாம் முடிந்து யாரோ கைதட்டுகிறார்கள், பர்ட்லி மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று மணிக்கு மருத்துவமனைக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள், இப்போது மூன்றே கால். ஜில் அட்டையில் ஐந்தைந்தாகக் கோடு போட்டுக்கொண்டு அருகில் வந்து, "ஹெதர், நீங்க கொஞ்சம் உக்காருங்க, முகமே சரியில்ல" என்கிறாள், பிறகு தாழ்ந்த குரலில், "இப்படி ஆகும்னு சத்தியமா நான் நினைக்கல." மன்னிப்புக் கேட்கிறாளா, சந்தோஷப்படுகிறாளா, இரண்டும்தான் போல.

தோற்கத்தானே வந்தாள். அதில் குழப்பமே இல்லை. டெனிஸ் ஹார்க்கர் பத்தொன்பது வருடமாக பர்ட்லியின் கவுன்சிலர், எந்தக் கட்சியும் இல்லாதவர், அவள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர், எந்தச் சாக்கடை எந்த மழைக்கு அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்கு மனப்பாடம். மனைவி மார்கரெட் போன பிறகு அவருக்கு இருப்பது செவ்வாய்க்கிழமை கூட்டமும், குப்பை வண்டி வரவில்லை என்று கூப்பிடுகிற ஜனங்களும்தான், தொலைபேசி அடித்தால் தோட்டத்திலிருந்து ஓடுகிற ஓட்டத்தை அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள், எழுபத்தொரு வயது ஓட்டமா அது. மார்ச்சில் வேலியருகே நின்று, பேருக்குத்தான் நிற்கிறேன், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னபோது சிரித்தார். "நல்லதாப் போச்சும்மா, எதிர்ல ஒரு ஆள் இருந்தாத்தான் எனக்கும் தேர்தல் மாதிரி இருக்கும்." நேற்று ஊர் மண்டபத்தில், நூலில் கட்டிய அந்தக் குட்டைப் பென்சிலால், அவள் அவருக்குத்தான் போட்டாள். தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், நடுப்பெயரோடு முழுதாக, ஹெதர் ஐரீன் ப்ளண்டெல், வேறு யாருடைய பெயரோ போல இருந்தது, பிறகு கீழே வந்து அவருக்குப் போட்டாள்.

அவர் இப்போது இரண்டு காகிதக் கோப்பைகளில் தேநீர் எடுத்துக்கொண்டு வருகிறார், கோட்டில் வேட்பாளர்கள் குத்திக்கொள்ளும் வெள்ளை ரிப்பன் பூ, நடையில் அவசரம் காட்டக் கூடாது என்ற கவனம்.

"சர்க்கரை போடல. நீ போட மாட்டேல்ல?"

"போடறதில்ல. டெனிஸ், இது..."

"பாத்தேன் பாத்தேன். எனக்கும் கண்ணு இருக்கு." ஒரு மிடறு குடித்தார். "தப்பு என் மேலதான். பவுல்ஸ் ஆடற கிளப்ல சொன்னேன், சர்ச் வாசல்ல சொன்னேன், ஹெதருக்கும் ரெண்டு போட்டு வையுங்கப்பா, பாவம், ஒத்தை இலக்கத்துல நின்னுட்டா வேலிக்கு இந்தப் பக்கம் நான் எப்படி மூஞ்சியைக் காட்டறதுன்னு."

"எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"அதையெல்லாம் எண்ணுவாங்களா. ஒரு இருபது இருக்கும்." சிரிக்கப் பார்த்தார். "சொன்ன பேச்சைக் கேக்கற ஊருன்னு இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சு."

இருபது. அப்படியானால் இரக்கமா இது, அந்த அடுக்கில் எத்தனை சீட்டு இரக்கம், எத்தனை சீட்டு வேறு ஏதோ, பார்த்தால் தெரியவா போகிறது, இரக்கத்தில் போட்ட பெருக்கல் குறியும் விரும்பிப் போட்டதும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை, வந்தது வேறொன்று, ஒரு கணக்கு, இருபதைக் கழித்தாலும் மீதி எவ்வளவு, அவர்கள் யார்... அந்தக் கணக்கை ஏன் போடுகிறாள்.

சந்தேகச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டு வெற்று. ஒன்றில் பன்றியின் படம். இன்னொன்றில் இரண்டு பெயருக்கும் குறி போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில், ரெண்டு பேருமே நல்லவங்க, என்னால முடியல. செல்லாது என்று தேர்தல் அதிகாரி சொன்னபோது டெனிஸ், "அது டோரத்தி கையெழுத்துதான், ஓட்டல்ல சூப் சொல்லவே அரை மணி எடுப்பா" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும்.

பிறகு அதிகாரி அவர்கள் இருவரையும், ஜில்லையும், சுவரோரம் மடித்து வைத்திருந்த வலைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார், மெலிந்த மனிதர், காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவர், தாளைத் திருப்பிக் காட்டினார். நானூற்றுப் பதினேழு, நானூற்றுப் பதினொன்று. மேலே இருப்பது அவள். "இன்னும் அறிவிக்கல. ரெண்டு பேருக்கும் சம்மதமா, இல்ல மறுபடி எண்ணச் சொல்லணுமா? கேக்கற உரிமை உங்களுக்கு உண்டு. ஆறுதான் வித்தியாசம்."

ஆறு. ஆறு என்றால் யாரும் கேட்பார்கள், கேட்காதவன் முட்டாள், டெனிஸ் கேட்க வெட்கப்பட்டால் அவருக்காக அவளே கேட்க வேண்டும், மேசையிலிருந்து இங்கே நடந்து வருகிற பதினைந்து அடியில் அந்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தாள், மறுபடி எண்ணுங்க, எனக்கு ஒன்றும் அவசரமில்லை, மிகச் சுலபமான வாக்கியம், தினமும் இதைவிடக் கடினமானவற்றைச் சொல்கிறாள், இன்று டாக்டர் இல்லை, அடுத்த மாதம்தான் நேரம் இருக்கிறது... டெனிஸ் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளை மிக அருகில் பார்க்கிறார், உதடு அசைகிறது, ஆறு, ஆறு என்று சொல்லிப் பார்க்கிறார் போல, நிமிர்கிறார், வாயைத் திறக்கிறார்.

"எனக்குச் சம்மதம்" என்றது ஒரு குரல்.

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. டெனிஸின் முகத்தில் கோபம் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவளைப் பார்க்கிற ஒரு பார்வை, யார் இது, எந்த ஊர், என்ன வேலை... அவளுக்கும் அதையேதான் கேட்கத் தோன்றியது. எப்போதிலிருந்து, ஒன்பதாவது கட்டிலிருந்தா, கணக்கில் இருபதைக் கழித்ததிலிருந்தா, இல்லை, அதற்கும் முன்னால், மரத்துப்போன வாயோடு ஒருத்தி கேட்டபோது அவ்வளவு சீக்கிரம் பேனாவை எடுத்தாளே, அப்போதிருந்தேவா... அதிகாரி பேனாவோடு டெனிஸ் பக்கம் திரும்பிக் காத்திருந்தார், டெனிஸ் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்காதீர்கள், டெனிஸ், தயவுசெய்து கேட்காதீர்கள் என்று தன் மனம் சொல்வதை ஹெதர் ஆச்சரியத்தோடு கவனித்துக்கொண்டிருந்தாள்.