உளிக்கு வாய் பார்த்த டாக்டர்

கிளினிக் வாசலில் போட்டிருந்த பெஞ்சு ஒரு வியாழக்கிழமை காலை, ஐந்து நோயாளிகளைச் சுமந்தபடியே மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, தரையில் படுத்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. கன்னம் வீங்கி வந்திருந்த ஒருவர், வலியை மறந்து விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே இருந்து ஓடிவந்த பல் டாக்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெஞ்சை வீட்டுக் கார் ஷெட்டில் தன் கையாலேயே செய்தவள் அவள்தான்.

மூன்று வருடமாக அவளுக்கு மரவேலைப் பித்து. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஷெட்டுக்குள் போய்விடுவாள். ஸ்டூல், புத்தக அலமாரி, செருப்பு வைக்கிற தட்டு என்று எதையாவது செய்துகொண்டே இருப்பாள். எல்லாம் பார்வைக்கு லட்சணமாக இருக்கும். ஆறு மாதம் போனால் ஆடத் தொடங்கிவிடும்.

செய்தி அண்ணன் காதுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அவர் கட்டட கான்ட்ராக்டர். சாயங்காலமே வந்து, சாய்ந்து கிடந்த பெஞ்சை ஷூ முனையால் தட்டிப் பார்த்தார்.

"பாப்பா, பல்லு புடுங்குறதோட நிறுத்திக்கோ. நான் ஒரு இரும்பு பெஞ்சு அனுப்பி வைக்கிறேன். ஜென்மத்துக்கும் ஆடாது."

"மரத்து மேல தப்பு இல்லண்ணா. ஸ்க்ரூதான் விட்டுக்கொடுத்துடுச்சு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!" என்று சிரித்துவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. குறை எங்கே என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கட்டையில் சதுரத் துளை வேண்டும். அடுத்த கட்டையின் முனையில் அந்தத் துளைக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும் நாக்கு வேண்டும். அப்படிப் பிணைத்தால் ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. நாக்கை ரம்பத்தால் அறுத்துவிடலாம். துளைதான் தகராறு. டிரில்லால் ஓட்டை போட்டு, உளியால் மூலை எடுத்து, ஒரே ஒரு துளைக்கு ஒன்றரை மணி நேரம் போராடிப் பார்த்திருக்கிறாள். முடிவில் அது கொட்டாவி விட்ட வாய் போலக் கோணலாக வந்தது. ஒரு பெஞ்சுக்கு அப்படிப் பதினான்கு துளைகள் வேண்டும்.

"சதுரத் துளை போடுற மெஷின் வாங்கிடப் போறேன்" என்றாள் கணவரிடம். அவர் கணக்கு வாத்தியார். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணரையைப் பதினாலால பெருக்கினா இருபத்தோரு மணி நேரம். வாங்கிடு" என்றார்.

சனிக்கிழமை இருவரும் மெஷின் கடைக்குப் போனார்கள். துளை போடும் மெஷின் வேண்டும் என்றதும் கடைக்காரர் கும்பிடாத குறையாக வரவேற்றார், வாத்தியாரை. "வாங்க சார், மார்டிசரா? டிரில் ஸ்டாண்டுல மாட்டுறதும் இருக்கு, தனி மெஷினும் இருக்கு. உள்ளே பொந்து இருக்கிற சதுர உளி சார். அந்தப் பொந்துக்குள்ள பிட் சுத்தும். பிட் வட்டமா குடைஞ்சுட்டே போகும், உளி நாலு மூலையையும் செதுக்கிட்டே இறங்கும்."

"என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லைங்க. நான் பென்சிலைத் தவிர எதையும் சீவினதில்ல" என்று வாத்தியார் மனைவியைக் கை காட்டினார்.

கடைக்காரர் ஒரு விநாடி அவளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வாத்தியாரிடமே தொடர்ந்தார். பளபளவென்று சிவப்பு மெஷின் ஒன்று மேசை மேல் மணப்பெண் போல நின்றது. ஒரு பலகைத் துண்டை வைத்துக் கைப்பிடியை இழுத்தார். உளி சர்ரென்று இறங்கியது. "பாத்தீங்களா சார், வெண்ணெயில கத்தி மாதிரி!"

"அது பெட்டி அடிக்கிற பலகை. வெண்ணெயை வெட்ட உளி எதுக்கு?" என்று டாக்டர் தன் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து நீட்டினாள். பெஞ்சுக் காலுக்கென்று அறுத்து வைத்திருந்த மரத்தின் மிச்சம் அது. நல்ல வைரம் பாய்ந்த மரம். "இதுல போடுங்க."

அரை விரல் ஆழம் போனதும் உளி சிக்கிக்கொண்டது. கடைக்காரர் கைப்பிடியை மேலே தள்ளினார். உளியோடு கட்டையும் எழும்பியது. அதை அமுக்கிப் பிடிக்க வேண்டிய தகட்டுக் கை வளைந்துகொடுத்து வேடிக்கை பார்த்தது.

"பல்லைப் புடுங்கினா தாடையும் சேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. வேற காட்டுங்க" என்றாள். பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை என்று வாத்தியார் வாய்க்குள் சொன்னது கடைக்காரர் காதில் விழவில்லை.

மூலையில் தூசி படிந்த பச்சை மெஷின் ஒன்று இருந்தது. அழகில்லை, ஆனால் அடிப்பாகம் வார்ப்பிரும்பு. அமுக்கிப் பிடிக்கும் கை விரல் தடிமன். கைப்பிடி முழங்கை நீளம். அவள் அதை இழுத்துப் பார்த்தாள். தோளுக்குச் சிரமமே இல்லை. "இதுதான்" என்றாள்.

"நல்ல செலக்‌ஷன்! இதோட ஏழு உளி இருக்கிற பெட்டி இலவசம்" என்று அதிலிருந்து ஒன்றை மாட்டினார். மோட்டார் சுழன்றது. கீச்சென்ற சத்தத்தோடு புகை கிளம்பியது. உளியின் முனை நீலமாகக் கறுத்தது.

"மரம் சரியில்ல மேடம்."

"கூடம் கோணலாம்" என்றார் வாத்தியார்.

டாக்டர் கோபப்படவில்லை. "துளைக்கிறப்போ கருகின வாடை வந்தா நாங்க பல்லைத் திட்ட மாட்டோம்" என்றபடி, உளி ஆறும்வரை காத்திருந்து அதைக் கழற்றினாள். கைப்பையைத் திறந்து, நீளக் காம்பில் பொட்டளவு கண்ணாடி வைத்த கருவி ஒன்றை எடுத்தாள். கிளினிக்கில் கடைவாய்ப் பல்லின் பின்புறம் பார்க்கிற கண்ணாடி. குட்டி டார்ச்சை அடித்து, உளியின் பொந்துக்குள் அதை விட்டுப் பார்த்தாள்.

கடைக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. "இலவசமா குடுக்கிறது மேடம். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?"

"பல்லைப் பாக்குறதுதாங்க என் தொழிலே. நீங்களே பாருங்க, உள்சுவர் பாகற்காய் மாதிரி இருக்கு. தூள் மேல ஏற வழியில்லாம அடைச்சுக்குது. தனியா விக்கிற உளி இருந்தா எடுங்க."

கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். அவள் ஒவ்வொன்றாக வாய் பார்த்தாள். ஆறு மில்லியில் ஒன்று, பத்தில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என மூன்றைத் தேர்ந்தெடுத்தாள். மூன்றும் அந்த மெஷினின் கழுத்தில் சரியாகப் பொருந்துகின்றனவா என்று மாட்டியும் பார்த்தாள்.

"ஏழு இருக்கிறப்போ மூணு போதுமா?" என்றார் வாத்தியார்.

"கட்டை முப்பது மில்லி. துளை அதுல மூணுல ஒரு பங்கு இருக்கணும். பத்துதான் தினம் உழைக்கப்போகுது."

பின்னம் என்றதும் வாத்தியாருக்கு முகம் மலர்ந்தது.

"ஒரு காசு குடுங்க" என்று வாங்கி, மெஷினின் கழுத்துக்கும் உளியின் தோளுக்கும் நடுவே அதைச் செருகினாள். பிட்டை உளியின் வாயோடு வாய் முட்டும்வரை ஏற்றி முடுக்கினாள். பிறகு காசை உருவிவிட்டு உளியை மேலே தள்ளி இறுக்கினாள். இப்போது பிட்டின் முனை உளிக்குக் கீழே காசின் தடிமன் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. "ரெண்டும் உரசிட்டு நின்னதாலதான் புகைஞ்சது. இந்த இடைவெளி போதும்."

கைப்பிடியை இழுத்தாள். உளி இறங்கியது. உளியின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக மரத்தூள் சுருள் சுருளாக வெளியே கொட்டியது. புகை இல்லை, அலறல் இல்லை. ஒரு துளை போட்டாள். சற்று இடம் விட்டு இன்னொன்று. பிறகு நடுவில் விட்ட இடத்தையும் எடுத்தாள். கட்டையைத் திருப்பிக் காட்டியபோது, நான்கு மூலையும் கத்தரித்ததுபோல ஒரு செவ்வகம் தெரிந்தது.

கடையில் வேறு சாமான் வாங்க வந்திருந்த மூன்று பேர் எப்போதோ பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு தச்சர், தன் கையிலிருந்த புது உளியை நீட்டி, "டாக்டரம்மா, இதுக்கும் கொஞ்சம் வாய் பாருங்களேன்" என்றார். அவள் பார்த்து, "வேண்டாம், மாத்திக்கோங்க" என்றாள். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். பில் போடும்போது, "மேடம், பேரு எப்படி எழுதட்டும்?" என்று அவளிடம்தான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் வாத்தியார் பென்சிலும் மூலைமட்டமுமாகக் கோடு போட, அவள் துளை போட்டாள். மூன்றாவது துளையில், கட்டையை ஒட்டி நிறுத்தும் மெஷினின் பக்கத் தடுப்பு மயிரிழை நகர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து, அந்தக் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு எடுத்தாள். ஆனாலும் மத்தியானத்துக்குள் பதினான்கும் முடிந்தன. மரச்சுத்தியால் தட்ட, நாக்கு துளைக்குள் 'டொக்' என்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவள் ஒன்றைக் கழற்றி மறுபடி தட்டினாள். பிறகு எல்லாவற்றையும் பசை தடவிப் பிணைத்து, அது காய இரண்டு நாள் பொறுத்தாள்.

புதன்கிழமை காலை பெஞ்சைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக அண்ணனே தன் வண்டியை அனுப்பினார். வேடிக்கை பார்க்கத் தானும் வந்தார். இறக்கும்போது ஆள் ஒருவரின் கை வழுக்கியது. மார்பு உயரத்திலிருந்து பெஞ்சு தலைகுப்புறக் கல்படியில் விழுந்தது. காத்திருந்தவர்கள் "ஐயோ!" என்றார்கள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அண்ணன் ஓடிப்போய் நிமிர்த்தினார். படியின் ஓரம் சில்லுப் பெயர்ந்திருந்தது. பெஞ்சில் ஒரு கீறல், அவ்வளவுதான். இரண்டு கையாலும் காலைப் பிடித்து முறுக்கினார். அசையவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்து மறுபடி முறுக்கினார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

"எத்தனை ஆணி அடிச்ச?"

"ஒண்ணுகூட இல்லண்ணா."

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, தன் கனத்த உடம்போடு பெஞ்சு மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்தார். கிறீச்சென்றுகூட ஒரு சத்தம் வரவில்லை. இறங்கி பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டவர், சுற்றி நின்றவர்களிடம், "எங்க பாப்பா செஞ்சது" என்று உரக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெஞ்சோடு கூட வந்திருந்த வாத்தியாரிடம், "மாப்பிள்ளை, என் சைட் தச்சருங்களைக் கூட்டிட்டு வந்து காட்டலாமா?" என்றார்.

"டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கோங்க மச்சான்" என்றார் வாத்தியார்.

நோயாளிகள் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓரத்தில் ஒரு ஆள் இடம் மிச்சம் இருந்தது. டாக்டர் வெள்ளைக் கோட்டோடு அங்கே போய் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். உதவியாளர் பெண் இரண்டு தடவை கதவைத் திறந்து, "மேடம், முதல் ஆளை அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்" என்றாள் டாக்டர், எழுந்திருக்காமல்.