நவம்பர்த் தண்ணீர்

பைன் ஏரியின் வடகரையில் அந்த வருஷம் ஏரி உறையுமுன் கழற்ற வேண்டிய கடைசிப் படகுத்துறை அதுதான். ஆர்வோ மார்பளவு தண்ணீரில் நின்று இரும்புக் கால்களின் திருகாணிகளைத் தளர்த்தினான். அவன் மனைவியின் அண்ணன் வெர்லின் இடுப்பளவில் நின்று, கழன்ற பலகைத் தட்டுகளைத் தோளில் வாங்கிக் கரைக்குத் தள்ளினான். கரையோரத்தில் மெல்லிய பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கியிருந்தது. நடக்கும்போது முழங்காலில் பட்டு நொறுங்கியது.

"மச்சான், இந்த வீட்டுக்காரங்க இப்ப எங்க இருப்பாங்க?" என்றான் ஆர்வோ.

"புளோரிடாவுல. மணல்ல படுத்துக்கிட்டு, துறையக் கழட்டிட்டாங்களான்னு போன்ல கேட்டுக்கிட்டு."

"நாம இங்க குளிச்சிக்கிட்டு இருக்கோம்னு சொல்லு."

இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. காகித ஆலை மூடியபின் ஒன்றாகவே முதலாளி கர்ட்டிடம் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். கோடையில் படகுகள், இலையுதிர்காலத்தில் வேட்டைக்கு வருகிறவர்களின் மரவீடுகள், குளிர்காலத்தில் பனிவண்டிகளுக்குத் தடம் போடுவது. விஸ்கான்சினின் அந்த வடக்கு மூலையில் வருஷம் முழுக்கக் கர்ட்டிடம் வேலை இருந்தது. கர்ட்டிடம் மட்டும்தான் இருந்தது.

அவர்கள் போட்டிருந்தது மார்பு வரை ஏறும் ரப்பர் உடை. ஆர்வோவுடையது வலது முழங்காலுக்குக் கீழே கிழிந்து, சாம்பல் நிற டேப் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. வசந்தத்தில் புதிது வாங்கித் தருவதாகக் கர்ட் இரண்டு வசந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கித் தந்தது ஒரு பிராந்தி பாட்டில். "உள்ள சூடு இருந்தா வெளிய தெரியாது" என்று சீசன் தொடக்கத்தில் அவரே அதை லாரியில் வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் காப்பியில் ஆளுக்கு ஒரு மூடி ஊற்றிக் குடித்தார்கள்.

மூன்று மணி வாக்கில் ஒரு தட்டு நழுவியது. ஆர்வோ பின்வாங்கும்போது பாறையில் காலை விட்டான். டேப் பிய்ந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிப் பாதம் வரை போனது. வெர்லின் அவனைக் கரைக்கு இழுத்து வந்து உடையைக் கவிழ்த்தான். வாளிவாளியாகக் கொட்டியது. மாற்றுக் காலுறை இருவரிடமும் இல்லை.

வெர்லின் கர்ட்டுக்குப் போன் போட்டான். ஆர்வோ பல் கிட்டிப்போய், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றார்?"

"இன்னும் நாலு தட்டுதானேங்கிறார். ராத்திரி உறைஞ்சிட்டா எல்லாம் நசுங்கிடுமாம். முடிச்சிட்டு வரச் சொல்றார்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

ஆர்வோ மறுபடி தண்ணீரில் இறங்கினான். முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. காற்று வடக்கிலிருந்து அடித்தது. வீட்டில் மனைவி டோரீன் அவன் காலுறையைக் கழற்றப் பார்த்தபோது அது வரவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினாள்.

விரல்கள் முதலில் வெளுத்தன, பிறகு கொப்பளித்தன, பிறகு கறுத்தன. டிசம்பர் முதல் வாரத்தில் வலது காலில் மூன்றை எடுத்தார்கள்.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி ஆர்வோவின் இழப்பீடு பற்றி விசாரிக்க வருவதாக இருந்தது. அவள் வருமுன் கர்ட் வெர்லினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே தடம் போடும் வண்டி நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்த வருஷம் அத ஓட்ட ஒரு ஆள்தான் வேணும். உன் பேர எழுதியிருக்கேன்."

"சரிங்க."

"அந்தம்மா கேட்டா உள்ளதச் சொல்லு. அன்னிக்கு அவன் குடிச்சிருந்தான்ல?"

"அந்தப் பாட்டில் நீங்க..."

"பாட்டில் எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல வெர்லின்."

அந்தப் பெண்மணி மரியாதையானவள். வெர்லினுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு தாளைத் திருப்பினாள்.

"விபத்துக்கு முன்னாடி ஆர்வோ மது குடிச்சிருந்தாரா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

"அளந்து பாக்கல."

"நீங்க குடிச்சீங்களா?"

கர்ட் கதவோரம் நின்று குளிர்க்கோட்டின் ஜிப்பை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றான் வெர்லின்.

அவள் அதை எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். ஒரே இழுப்பில் போட்டான். அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்து லாரியில் ஏறி, சாவியைத் திருகாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

டோரீன் மளிகைக் கடையில் கல்லாவில் வேலை பார்த்தாள். பத்து நாள் கழித்து வெர்லின் ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். திறந்திருந்தது தங்கையின் கல்லா மட்டும்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

"கடுதாசி வந்திருச்சுண்ணா," என்றாள் அவள், முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணும் கெடையாதாம். குடிச்சிட்டு வேலை பாத்தாராம். கூட வேலை பாத்தவர் சொன்னாராம்."

வெர்லின் காசை எடுத்து வைத்தான்.

"கூட வேலை பாத்தது ஒரு ஆள்தான்."

"உள்ளதத்தான் சொன்னேன் டோரீன்."

"நீ அன்னிக்குக் குடிக்கலையாமே."

பின்னால் நின்றவர் பேச்சைக் கேட்காதவர் போல மிட்டாய் அடுக்கைப் பார்த்தார். டோரீன் ரொட்டி நசுங்காமல் முட்டைக்கு மேலே வைத்துப் பையை நீட்டினாள். "ரசீது உள்ள இருக்கு," என்றாள், மற்றவர்களுக்குச் சொல்வது போலவே. அதற்குப் பிறகு வெர்லின் சாமான் வாங்க இருபது மைல் தள்ளி இருந்த ஊருக்குப் போனான்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் லூன் என்கிற நீர்ப்பறவை ஒன்று பைன் ஏரியில் மாட்டிக்கொண்டது. கூட்டம் கடலுக்குப் போய் மாதமாகிவிட்டது, இது மட்டும் தங்கிவிட்டது. ஏரி நாலாபுறமும் உறைந்து, நடுவில் ஒரு சமையலறை அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். தண்ணீர் மேல் வெகுதூரம் ஓடித்தான் அது பறக்க எழும்பும், அதற்கு நீளம் போதவில்லை. பனியின் விளிம்பில் ஒரு கழுகு உட்கார்ந்து காத்திருந்தது.

செய்தி பரவி, விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் பனிவண்டிகளில் வந்து இறங்கின. கர்ட் எல்லோருக்கும் இலவசமாகச் சூப் ஊற்றினார். பறவைகளைக் காப்பாற்றும் குழு தெற்கிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தது. பனி எங்கே தாங்கும் என்று தெரிந்தவன் என்பதால் வெர்லினைக் கயிறு பிடிக்கச் சொன்னார்கள்.

குழுவில் இருவர் ஆரஞ்சு நிற உடை போட்டிருந்தார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுகப் பிடித்திருந்தது. ஒருவன் முதுகு ஜிப்பை இழுத்துவிடச் சொன்னான். வெர்லின் இழுத்துவிட்டான்.

"இது தண்ணி விடாதா?"

"ஒரு சொட்டு உள்ள போகாது. ஏரி வீட்டுக்காரங்க சங்கம் வாங்கிக் கொடுத்தது."

பனியை ரம்பத்தால் அறுத்து, அடியில் வலையை விட்டார்கள். ஒருவன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினார்கள். கரையேறியவனுக்கு மேலே கம்பளி போர்த்தினார்கள். இரண்டாவது மணி நேரத்தில் லூன் வலையில் சிக்கிக் கத்தியது. கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண் அழுதாள்.

அதைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்து, சூடு ஓடிக்கொண்டிருந்த வேனில் ஏற்றினார்கள். ஆனால் படகு இறக்கும் பாதையின் வாயில் வழியை மறித்துக்கொண்டு ஒரு பழைய பச்சை லாரி நின்றிருந்தது.

"அது யாரு?" என்றார் கர்ட். பிறகு பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வெர்லின், நீ போய்ச் சொல்லு."

வெர்லின் நடந்து போனான். ஆர்வோ கண்ணாடியை இறக்கினான். இடது காலால் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான் போல. வலது காலில் கம்பளிச் செருப்பு, நாடா கட்டாமல் கிடந்தது. அந்த ஒன்றரை மாதத்தில் இப்போதுதான் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"பனியில நடக்க முடியல," என்றான் ஆர்வோ. "அதான் இங்கேருந்தே பாத்தேன்."

வெர்லின் கதவின் மேல் கையை வைத்தான். பின்னால் வேன் ஒருமுறை ஹார்ன் அடித்தது.

"வண்டிய எடுக்கச் சொல்றாங்க மாப்ள."

ஆர்வோ கியரில் கை வைத்தான். "பறவைக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காம். கால்ல ஒரு கீறல்தானாம். மருந்து போட்டிருக்காங்க."

ஆர்வோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்கியர் போட்டான். வெர்லின் லாரியின் பின்னால் போய் நின்று, கையை ஆட்டி ஆட்டி, "வா... வா... இன்னும் வா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பின்சக்கரங்கள் பாதையை விட்டிறங்கிப் பள்ளத்துப் பனியில் அமிழ்ந்தன. பாதை முழுசாகத் திறந்தது. வேன் குலுங்காமல், மெதுவாக, அவர்கள் இருவரையும் கடந்து போனது.